கை படாத தங்கம் சேர்ப்பது எப்படி?

பழைய தங்கக் காசு சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதுவும் சும்மா பழையது இல்லை, 'ஹை கிரேடு' பழையது. வாழ்த்துகள். மனை வாங்கிப் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறியவர்களும், சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களும் கடைசியாக வந்து சேரும் துறைகளில் இதுவும் ஒன்று. முறையாக இறங்கினால் இருப்பதைக் கௌரவமாக இழக்கலாம்.

முதல் வேலை, வீட்டில் சொல்வது. 'தங்கம் வாங்கப் போகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோர் முகமும் மலரும். கழுத்தில் போட முடியாத, விரலால் தொடக்கூடாத, அவசரத்துக்கு அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் எடைக்கு மட்டும் பணம் தருகிற தங்கம் இது என்ற விவரத்தை ஆடி கழியட்டும், ஐப்பசி கழியட்டும் என்று தள்ளிப்போடலாம். ஆனாலும் ஒரு நாள் அப்பத்தா கேட்கத்தான் செய்வார்.

"ஏப்பா, இந்த ஒத்தப் பவுனு என்ன வெல?"

"பவுன் வெலையப்போல நாலு மடங்கு அப்பத்தா."

"அந்தக் காசுக்குப் புதுசே நாலு வாங்கியிருக்கலாமே?"

"இது பழசு அப்பத்தா."

"பழசுன்னா கொறச்சுல்ல கேட்டிருக்கணும்?"

இதற்குப் பதில் கிடையாது. உலகத்தின் பெரிய ஏலக் கம்பெனிகளிடமும் கிடையாது. 'போன் வருது' என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள்.

உயர்ந்த தரம் என்றால் என்னவென்று இப்போது தெரிந்துகொள்ள வேண்டும். அச்சடித்த நாள்முதலாகக் காசு செய்யவேண்டிய வேலை எதையுமே செய்யாமல் இருந்த காசுதான் உயர்ந்த தரம். அது சந்தைக்குப் போயிருக்கக் கூடாது. சம்பளமாகக் கைமாறியிருக்கக் கூடாது. உண்டியலில் விழுந்திருக்கக் கூடாது. முந்தானையில் முடியப்பட்டிருக்கவே கூடாது. அச்சுச்சாலையிலிருந்து நேராக ஒரு பெட்டிக்குள் போய், நூறு வருஷமோ இருநூறு வருஷமோ ஒருவருக்கும் உதவாமல் படுத்துக் கிடந்து, ஒரு நாள் ஏலப் பட்டியலில் கண்விழிக்க வேண்டும். மார்க் போடுவது இந்தச் சோம்பலுக்குத்தான்.

மார்க் மொத்தம் 70. ஏன் நூறு இல்லை என்று கேட்பீர்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் வெளியிட்ட புத்தகத்தில் கொண்டுவந்த அளவுகோல் இது. அவர் உளவியல்காரர்; மனிதர்களை ஒல்லி, கட்டுமஸ்து, பருமன் என்று மூன்று உடல்வாகாகப் பிரித்து அதிலிருந்து குணம் சொன்னவர். காசு விஷயத்தில் அவர் கணக்கு, 1-ஆம் தரக் காசு ஒரு டாலர் என்றால் 70-ஆம் தரக் காசு எழுபது டாலர் என்பது. அதையும் தங்கத்துக்காக அவர் எழுதவில்லை. அமெரிக்காவின் ஆரம்பகாலச் செப்பு சென்ட்டுகளுக்காக எழுதினார். அந்த விலைக் கணக்கு சீக்கிரமே செத்துப்போய்விட்டது. எண்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. இன்று கல்கத்தாவில் அடித்த விக்டோரியா மொகருக்கும் லண்டனில் அடித்த சவரனுக்கும் அதே 70-தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தன்னுடைய மட்டமான சென்ட்டுகளை அந்த இடத்தில் வைத்தவர் இதே ஷெல்டன் என்று பின்னாளில் தெரியவந்தது. வழக்கும் நடந்தது. எது உயர்ந்த தரம் என்று அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

60 முதல் மேலே எல்லாம் 'புழங்காத காசு'. 50 முதல் 58 வரை, 'கிட்டத்தட்டப் புழங்காதது'. இங்கேதான் வேடிக்கை. 58 வாங்கிய காசு பல சமயம் 60 வாங்கியதைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கும். தங்கம் மென்மையானது. மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றும்போது காசுகள் ஒன்றோடொன்று மோதி ராஜா கன்னத்திலெல்லாம் காயம். அப்படி முகம் சிதைந்தாலும் கைமாறாமல் இருந்தால் 60 உண்டு. பளபளவென்று இருந்தும், எவனோ ஒருவன் ஒரே ஒரு தடவை வேட்டி மடிப்பில் வைத்து ஊருக்குப் போய்வந்த தடம் புருவ மேட்டில் தெரிந்தால் 58. நீங்கள் 60-ஐ வாங்குங்கள். அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தத் துறையில் முன்னேறியதில்லை.

மார்க் போடும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. பிசிஜிஎஸ் 1986-ல் ஆரம்பித்தது, என்ஜிசி 1987-ல். காசை அனுப்பினால் பார்த்து, எண் போட்டு, கனத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கூட்டுக்கு ஸ்லாப் என்று பெயர். காசு உள்ளே, எண் மேலே. வாங்க வருகிறவர் முதலில் எண்ணைப் படிப்பார், பிறகு பார்கோடைப் படிப்பார், காபி வந்த பிறகு நேரமிருந்தால் காசைப் பார்ப்பார். கிரேக்க, ரோமானியக் காசுகளுக்கு என்ஜிசியில் வேறு முறை: அச்சு விழுந்த அழகுக்கு ஐந்துக்கு எத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு எத்தனை என்று இரண்டு பேப்பர்.

உங்களுக்கு 64 வந்திருக்கிறது, 65 வந்திருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மனம் தளர வேண்டாம். ஸ்லாப்பை உடைத்துக் காசை வெளியே எடுத்துத் திரும்பவும் அனுப்புங்கள். வேறொருவர் கண்ணில் பட்டால் 65 ஆகலாம். ஆகாவிட்டால் திரும்ப உடையுங்கள். இதைப் பரம்பரைத் தொழிலாகவே செய்கிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. ஆண்டியும் அரசனும் இதே வேலையாகத் திரிந்ததில், போட்ட மார்க் சரிதானா என்று மார்க் போட 2007-ல் சிஏசி என்று இன்னொரு நிறுவனம் வந்தது. 64 என்று போட்டிருக்கும் காசு நல்ல 64-தான் என்றால் ஸ்லாப்பின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 64-க்கும் மேலே இருக்கிறது என்றால் தங்க நிற ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்கும் தனி விலை. ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க இன்னும் யாரும் கம்பெனி தொடங்கவில்லை. நமக்கு ஒரு வாய்ப்பு.

சரி, காசை எங்கே தேடுவது? நம் ஊரில் பீரோவைத் திறந்தாலே போதும் என்று தோன்றும். பாட்டியின் காசுமாலை இருக்கிறதே! இருக்கிறது. அதை எடுத்து விளக்கடியில் வைத்துப் பாருங்கள். பலவற்றில் லட்சுமி உருவம் அடித்த மெல்லிய தகடுகள்தான் இருக்கும், நகைக் கடையில் செய்தவை. சில வீட்டு மாலைகளில் அசல் சவரன்கள். ஒரு பக்கம் ராணி தலையோ ராஜா தலையோ, மறுபக்கம் குதிரை மேலிருந்து பாம்பைக் குத்தும் வீரன். 7.988 கிராம், 22 காரட். நம் நகைக் கடைகள் இதையே எட்டு கிராமாக நிமிர்த்திவைத்துக்கொண்டு இன்றுவரை கணக்குச் சொல்கின்றன. அந்தச் சவரன் தேய்ந்து 7.938 கிராமுக்குக் கீழே போனால் பணமாகச் செல்லாது என்பது இங்கிலாந்துச் சட்டம். அப்படிப் பார்த்தால் ஒரு குண்டுமணியில் பாதிகூடத் தேய அனுமதியில்லை. பாட்டி அதைக் கல்யாணம், வளைகாப்பு, திருவிழா என்று கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தபோது, காசுக்குக் காசு இடித்து, ராணியின் மூக்கு மழுங்கி, வீரனின் வாள் போய், குதிரை மட்டும் ஒருவாறு நிற்கும்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். தலைக்கு மேலே பற்றுவைத்து ஒட்டியிருக்கிறாரே பத்தர் ஒரு வளையம், அதற்கு மன்னிப்பே கிடையாது. மார்க் போடும் நிறுவனங்கள் அந்தக் காசுக்கு எண் தர மாட்டார்கள். 'நகையில் இருந்தது' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிடுவார்கள். வளையத்தை எடுத்துவிட்டாலும் தடம் போகாது. ஒரு குடும்பத்தில் நாலு தலைமுறை கைமாறி, இரண்டு தடவை அடகுக்குப் போய் மீண்டு, ஒரு பிள்ளையை எம்.பி.பி.எஸ். படிக்கவைத்த காசுக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் மதிப்பெண் பூஜ்யம்கூட இல்லை, வெற்றிடம். எனக்கு இந்த இடத்தில் மட்டும் ஷெல்டன் மேல் கோபம் வரும்.

நீங்கள் கோபப்படக் கூடாது. நீங்கள் உயர்தரச் சேகரிப்பாளர். பத்தரிடம் போங்கள், ஆனால் அவர் கையில் காசைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் உரைகல்லில் ஒரு இழுப்பு. விளிம்பில் கோடு விழுந்தது. பிறகு, "அழுக்கா இருக்கே சார், பூந்திக்கொட்டைத் தண்ணியில போட்டுத் தேய்ச்சு மெருகு போட்டுத் தரட்டுமா? இன்னிக்கு அடிச்ச மாதிரி ஆயிடும்" என்பார், அன்பாக. இன்றைக்கு அடித்த மாதிரிதான் ஆகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜா முகமெல்லாம் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஓடும். 'துலக்கியது' என்று முத்திரை விழும். காசுக்குள்ளே கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் நூறாண்டாகக் காற்றைக் குடித்துக் கொண்டுவந்த லேசான செம்மைக்காக லட்சங்கள் தர ஆள் இருக்கிறது; அதைத் துடைத்தெடுக்கத் தேங்காய் நார் போதும். ஆகவே வீட்டில் ஒரு விதி எழுதி ஒட்டுங்கள்: குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எதை வேண்டுமானாலும் புளி போட்டுத் தேய்க்கலாம், இந்தப் பெட்டிப் பக்கம் வரக்கூடாது. ஆயுதபூஜைக்கு இந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் கிடையாது.

இந்தியக் காசுகளில் ஆசை இருந்தால் குப்தர்களிடம் போகலாம். சமுத்திரகுப்தன் கால்மேல் கால் போட்டு வீணை வாசிக்கும் காசு, குமாரகுப்தன் காண்டாமிருகத்தைக் குத்தும் காசு. பார்த்தால் கை நடுங்கும். 1946-ல் பரத்பூர் சமஸ்தானத்தில் பயானா பக்கம் ஒரு கிராமத்தில், ராஜா வேட்டையாடிவிட்டுப் போன இடத்தில் காலித் தோட்டா பொறுக்கப் போன பிள்ளைகளுக்கு ஒரு செப்புப் பாத்திரம் தட்டுப்பட்டது. உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேல் குப்தர் தங்கக் காசுகள். செய்தி ராஜாங்கத்துக்கு எட்டுவதற்குள் கிட்டத்தட்ட முந்நூறு காசுகள் உருகிவிட்டன. மிஞ்சிய 1,821 காசுகளை வைத்துத்தான் நாணய ஆய்வாளர் அல்தேகர் தன் பெரிய நூலை எழுதினார். மண்ணுக்குள் ஆயிரத்தைந்நூறு வருஷம் காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்த சில நாட்களில் ஆனது.

தெற்கத்திக் காசுகளில் ஒரு வசதி, இடம் அடைக்காது. விஜயநகர வராகன் 3.4 கிராம். பணம் என்பது அதிலும் சிறியது, அரை கிராம்கூட வராது. தும்மினால் தேட வேண்டும். அந்தக் காலத்தில் குழி போட்ட பலகையில் வழித்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அடித்த நட்சத்திர வராகனும் இதே எடைதான். ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கப்பிள்ளைகளின் உயிரை வாங்கியது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் துப்புரவு செய்யும்போது ஒரு பானையில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன, மொத்தம் 1.716 கிலோ. வகுத்துப் பாருங்கள், சராசரி அதே 3.4 வரும். அவை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. உங்களுக்கு இல்லை.

ரோமானியத் தங்கம் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை பல சக்கரவர்த்திகள். சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது ரோமாபுரிப் பணம் இல்லை, எடைக்கு எடை தங்கம் மட்டுமே என்று காட்டுவதற்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. காரணம் எதுவானாலும், மிளகுக்கு ஈடாகக் கப்பலில் வந்த தங்கத்தை வாங்கி எடைபோட்டுப் பார்த்த நம் ஆட்கள், நீரோவின் மூக்கு எவ்வளவு கூர்மை என்று பார்த்து மார்க் போடவில்லை. வெட்டுப்பட்ட அந்தக் காசுகளில் சில இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இந்த நாட்டோடு அவற்றுக்கு என்ன உறவு என்று சொல்வது அந்த வெட்டு ஒன்றுதான். உயர்தரச் சேகரிப்பாளர் இதை வாங்கக் கூடாது, 'சேதமடைந்தது' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

போலிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எடை பார், விட்டம் பார், ஒலி கேள் என்பார்கள். போன நூற்றாண்டின் நடுவில் இத்தாலியிலும் லெபனானிலும் சவரன் போலி அடித்தவர்கள் தங்கத்தில் குறை வைக்கவில்லை, முழு எடையில் அடித்தார்கள். எடைபோட்டு என்ன கண்டுபிடிப்பீர்கள்? நம்மூர்ப் போலி வேறு ரகம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருவர் அருகில் வந்து, "அண்ணே, அஸ்திவாரம் தோண்டுறப்ப கெடச்சுதுண்ணே, வெளிய சொன்னா பிரச்சின" என்று காதில் சொல்லி, ஒரே ஒரு காசைச் சோதித்துப் பார்க்கத் தருவார். அது அசல் தங்கம். மறுநாள் நீங்கள் பணத்தோடு போய் வாங்கிவரும் ஒரு கிலோ, அசல் பித்தளை. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது, புதையலை ரகசியமாக வாங்கப் போனதாக உங்கள் கையாலேயே எழுத வேண்டிவரும்.

ஏனென்றால் சட்டம் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதிச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் வேறு: நூறு வயதான காசு தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அதாவது, உங்கள் குப்தர் காசுக்கு 65 வருமா 66 வருமா என்று அமெரிக்காவுக்கு அனுப்பிக் கேட்கும் வழி அடைபட்டது. இதில் ஒரு வேடிக்கை. பம்பாய் அச்சுச்சாலையில் சவரன் அடித்தது ஒரே ஒரு வருஷம், 1918-ல். 2018-ல் அதற்கு நூறு முடிந்தது. ஆக, உங்கள் பாட்டி கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவது சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுப் பேரன் வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் அளவில்லாமல் இருந்தால் நேராகச் சிகரத்துக்குப் போகலாம்: அமெரிக்காவின் 1933-ஆம் வருஷத்து இருபது டாலர் காசு. 4,45,500 அடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ரூஸ்வெல்ட், மக்கள் தங்கத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஒரு காசுகூட முறைப்படி வெளியே விடப்படவில்லை, உருக்கிக் கட்டியாக்கினார்கள். ஆனாலும் சில வெளியே கசிந்தன. அதில் ஒன்று எகிப்து மன்னர் பாரூக்கிடம் போயிற்று. புழங்காமையில் இதற்கு மேல் என்ன வேண்டும், சட்டப்படி காசாகவே பிறக்காத காசு! நீண்ட வழக்குக்குப் பிறகு ஒரே ஒரு காசுக்கு மட்டும் அரசு அனுமதி கொடுத்து 2002-ல் ஏலம் விட்டது. விலை 75,90,020 டாலர். கடைசியில் தொங்கும் அந்த 20 டாலர் எதற்கு என்றால், வெளியிடப்படாத காசை வெளியிட்டதாகக் கணக்குக் காட்ட முகமதிப்பை அரசு தனியாக வாங்கிக்கொண்டது. 2021-ல் அதே காசு சுமார் 1.89 கோடி டாலருக்குப் போயிற்று. இன்னொரு குடும்பம் தங்கள் பெட்டகத்தில் இதே காசு பத்து இருக்கக் கண்டு, அசலா என்று சோதித்துச் சொல்லும்படி அரசிடமே கொடுத்தது. அசல்தான் என்று அரசு சொன்னது. திருப்பித் தரவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் மனுவை ஏற்க மறுத்ததோடு கதை முடிந்தது. தரச் சான்றுக்கு யாரிடம் காசைக் கொடுக்கிறோம் என்பதில் கவனமாக இருங்கள் என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வாங்கி முடித்த பிறகு எங்கே வைப்பது? வங்கி லாக்கரில். பார்ப்பதற்கு? வருஷத்துக்கு ஒரு தடவை, லாக்கர் வாடகை கட்டப் போகும்போது. பார்த்து என்ன செய்வது? எண் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

விளையாட்டுப் பேச்சு போகட்டும், ஒரு வேண்டுகோள். பழைய காசுமாலையைக் கொடுத்துப் புது நகை எடுக்கக் கடைக்குப் போகிறவர்கள் தினம் தினம் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடையில் அதை எடைபோட்டுக் கழிவு போக உருக்கிவிடுவார்கள், அது அவர்கள் தொழில். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சவரனாக இருந்தால் குதிரைக்குக் கீழே, 1918 என்ற எண்ணுக்கு மேலே தரையில் கடுகளவு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பம்பாயில் அடித்தது. வராகனோ, அரபி எழுத்துள்ள காசோ, அடையாளம் தெரியாத தெய்வ உருவமோ இருந்தால் படத்தை நாணயம் தெரிந்தவர்களிடமோ எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயப் பிரிவிலோ காட்டிக் கேளுங்கள். மாலை யாருடையது, எந்த ஊர், யார் போட்டது என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வளையம் இருக்கட்டும், தேய்மானம் இருக்கட்டும். துலக்க மட்டும் வேண்டாம்.